இடக்கையால் பூசிய ரோஸ் வெளிச்சம்

டேனியலின் கடைசி வேலையை அழித்தவன் நான்.

மெர்சியின் வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், கட்டைவிரல் உயரப் பொம்மைப் பெண்ணொருத்தி கூண்டு விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். அவள் முகத்தில் விழுகிற ரோஸ் நிற வெளிச்சம், தன் கணவன் சாவதற்கு முன் தனக்காகப் பூசியது என்று மெர்சி நம்புகிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள்.

அது டேனியலின் கை அல்ல... என் கை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை வழியில் பார்த்தாலும் அடையாளம் தெரியாது என்கிற தைரியம்தான், வேறென்ன!

கோயம்புத்தூரில் தண்ணீர்ப் பம்பு செய்கிற ஆலையொன்றில் நான் தர ஆய்வாளன். தண்டில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு கிழித்துத் திருப்பி அனுப்புகிறவன். லேத் பட்டறைக்காரர்கள் என் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஊரார் வேலையில் நொட்டை சொல்லியே சோறு தின்கிற நான், என் நொட்டையை மட்டும் பஞ்சில் பொதிந்து ஒரு விதவையின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஊருக்குத்தானே உபதேசம்!

டேனியல் சோமனூர்ப் பக்கம் ஒரு சாய ஆலையில் நிறம் கூட்டுகிறவன். துணித் துண்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், ஊதா வெளிச்சம் என்று விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, கேட்ட நிறமும் வந்த நிறமும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவன் பிழைப்பு.

மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டிப் போர் விளையாடும் கூட்டமொன்று காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் கூடும். அங்கேதான் பழக்கம். இருவருமே விளையாட்டில் மண்ணைக் கவ்வுகிறவர்கள். எங்களுக்கு வேண்டியது அந்தப் பொம்மைகள். சாம்பல் நிறப் பிசினில் வார்த்த பொம்மைகளாக வரும். தோலும் உடையும் கண்ணும் நாம்தான் தீட்டவேண்டும். நாற்பது வயதில் பொம்மைக்குச் சாயம் பூசுகிறானே என்று என் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்!

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பீளமேட்டில் என் வீட்டு மாடியறைக்கு வந்துவிடுவான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கிழக்கே ஒரு ஜன்னல். பதினோரு ஆண்டுகள். ஒரு நாளும் நாங்கள் 'ங்க' விட்டுப் பேசியதில்லை. அவன் போன பிறகுதான் மனத்துக்குள் அவனை 'அவன்' என்று அழைக்கிறேன். உயிரோடிருக்கும்போது ஒருமுறையாவது அப்படி அழைத்திருக்கலாம்...

அவனுக்குப் பித்து, ரேடியம் கலர்மேல். சாலை போடுகிறவர்களின் மேல்சட்டையில் கண்ணைப் பறிக்குமே, அந்த நிறங்கள். முதலில் பொம்மை முழுவதையும் கருநீலத்தில் முக்கி இருட்டாக்குவான். பிறகு, விளக்கின் வெளிச்சம் எங்கெங்கே விழும் என்று யோசித்து, கன்னம், மூக்கு நுனி, உள்ளங்கை, சேலை மடிப்பு என்று அங்கே மட்டும் வெள்ளை. வெள்ளையின் மேல் ரேடியம் கலரை, மூன்று மயிர்த் தூரிகையால், இழை இழையாக. விளக்குக்குப் பக்கத்தில் நெருக்கமாக, தள்ளிப் போகப் போகக் கலைந்து... முடிந்து பார்த்தால் பொம்மையின் கையில் உண்மையாகவே விளக்கு எரியும்! நான் அப்பி அப்பிப் பூசுகிறவன். அவனைப் போல ஒரு நாளும் எனக்கு வந்ததில்லை.

அவன் இடக்கைக்காரன். ஆகவே அவன் இழைகள் மேலிருந்து வலப்பக்கமாகச் சாயும். எனக்கு இடப்பக்கமாக. ஆயிரம் பொம்மைகளுக்கு நடுவே அவன் பொம்மையை நான் எடுத்துவிடுவேன்.

எத்தனை முறை சொல்லியிருப்பான்!

“இந்தக் கலருக்கு வெயிலுந்தான் உசுரு, வெயிலுந்தான் எமனுங்க செந்தில். பகல் வெளிச்சம் பட்டாத்தான் எரியும். நேரா வெயில்ல வெச்சுப்போட்டீங்கன்னா வெளுத்து ஒண்ணுமில்லாமப் போயிருமுங்க.”

கணையத்தில் நோய் என்றார்கள். ஐந்து மாதம். ஆள் பாதியாகிவிட்டான். அப்போதும் சனிக்கிழமை ஆட்டோ பிடித்து வந்தான். நானே தோளில் சாய்த்து மாடி ஏற்றினேன். அந்த விளக்குக்காரியை அவன் மெர்சிக்காகப் பூசினான். மெர்சி பின்னலாடை ஆலையில் வேலை பார்த்த காலத்தில், ரேடியம் ரோஸ் நிறச் சுடிதாரில் வாசலில் நின்றவளைத்தான் அவன் முதன்முதல் பார்த்தானாம். கூட வேலை செய்தவர்கள் அவளை “டிராபிக் லைட்டு” என்று ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்த ரோஸ்தான் வேண்டுமென்று, ஆலையில் கிடைத்த பொடிகளைக் குழைத்து அவனே கூட்டினான். கலவைக் கணக்கை எங்கும் எழுதி வைக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

டீ டம்ளரைப் பிடித்தால் அவன் கை நடுங்கும், சட்டையில் சிந்திக்கொள்வான். தூரிகையைப் பிடித்தால் நடுங்காது! மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பான். இழுத்துவிட்டுக் கண்ணை மூடி ஓய்வான். மறுபடி ஒன்று. பூதக்கண்ணாடி வைத்து நான் பார்த்தேன். ஓர் இழைகூடப் பிசகவில்லை. சிவப்பு மையோடு பிறந்தவன் நான்... நான் சொல்கிறேன், அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை.

“காஞ்சதும் வார்னிஷ் அடிச்சு மெர்சி கையில குடுத்துருங்க. நான் குடுத்தா அழுதுபோடுவா” என்றான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. வியாழக்கிழமையே அடக்கம் முடிந்துவிட்டது.

வார்னிஷ் அடித்தேன். கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை? நானும் என்னை எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். மறதி இல்லை. மெர்சியே போனில் கேட்டாள்: “அவரு என்னமோ செஞ்சு வெச்சிருக்கறதாச் சொன்னாருங்ணா...” நான் சொன்னேன்: “வார்னிஷ் இன்னும் காயலீங்க அம்மணி.” ஒரு மணி நேரத்தில் காய்கிற வார்னிஷ்!

எனக்கு அவன் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். மெர்சிக்கு அவன் சட்டைகள் இருந்தன, கட்டில் இருந்தது, அவன் மூக்கோடு பிறந்த மகள் இருந்தாள். எனக்கு என்ன இருந்தது? எதிர் நாற்காலி! நண்பன் செத்தால் யார் வந்து துக்கம் கேட்கிறார்கள்? மூன்றாம் நாள் ஆலைக்குப் போய்த் தண்டு அளந்தேன்.

டியூப் லைட்டில் அந்த ரோஸ் செத்துக் கிடக்கும். ஜன்னல் பலகையில் வைத்தால், காலை வெயில் தொட்ட மாத்திரத்தில் எரியும். அது எரிகையில் டேனியல் கீழே தூரிகை கழுவப் போயிருப்பதாக... இப்போது படியேறி வந்துவிடுவான் என்று இருக்கும். ஒரு காபி குடிக்கிற நேரம். அந்த நேரத்துக்காகத்தான் நான் தினமும் எழுந்தேன். பிறகு ஆலைக்கு ஓடுவேன். பொம்மை பலகையிலேயே நிற்கும். சித்திரை வெயில்!

தெரியாமலா செய்தேன்? அவன் பதினோரு ஆண்டு சொன்னது காதில் விழாமலா போயிற்று? தெரியும். இன்று ஒரு நாள் என்று வைத்தேன். மறுநாளும் இன்று ஒரு நாள்தான்.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு வெளுப்பது தெரியாது. முப்பதாம் நாள் பூசைக்கு நான்கு நாள் இருக்கையில், இனியும் தாமதிக்கக் கூடாதென்று கையில் எடுத்துத் திருப்பினேன். வெயில் படாத முதுகுப்புற மடிப்பில் மட்டும் அந்த ரோஸ் கொழுந்துவிட்டு நின்றது. முகம்... துவைத்துத் துவைத்து வெளுத்த பழந்துணி. விளக்கு அணைந்திருந்தது.

ஜன்னலைச் சாத்தினேன்.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து, “என் தப்பு அம்மணி, வெயிலில் வைத்துவிட்டேன்” என்று காலில் விழுந்திருக்கலாம். இழைகளாவது அவனுடையவையாக இருந்திருக்கும். நிறம் போனாலும் கை இருந்திருக்கும்! எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. மூன்று நாள் விடுப்புப் போட்டேன். காய்ச்சல் என்று பொய். கடையில் விற்கும் ரோஸையும் ஆரஞ்சையும் குழைத்து, முதுகுப்புறத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, அவன் முகத்தின்மேல் என் முகத்தைப் பூசினேன்.

சாய்வு இடித்தது. என் இழைகள் இடப்பக்கம் சாய்ந்தன. முதுகுப்புறத்தில் அவனுடையவை வலப்பக்கம். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் ஆய்வாளன் புத்தி! துடைத்துவிட்டுத் தூரிகையை இடக்கைக்கு மாற்றினேன். பழகாத கை நடுங்கியது. சாய்வு சரியாக வந்தது; இழை நெளிந்து நெளிந்து வந்தது. இதற்குமேல் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வீட்டில், அதை மெர்சியிடம் கொடுத்தேன். வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனாள். ரோஸைப் பார்த்ததும் சிரித்தாள். “டிராபிக் லைட்டுங்ணா!” அப்புறம் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“கை நடுங்கிருக்குது பாருங்ணா... கோடெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு... எத்தன வலியோட பூசினாரோ, தெரியலீங்களே!”

அழுதாள். சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா? இல்லை அம்மணி, அவன் கை நடுங்கவே இல்லை, சாவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் நடுங்கவில்லை, உனக்காக அவன் அப்படிப் பூசினான்... ஒரு வார்த்தை!

“ஆமாங்க” என்றேன்.

வேலையை அழித்தது போதாதென்று, அவன் கையின் உறுதியையும் அன்றைக்கு நான் பறித்துக்கொண்டேன். பங்குச்சாமியாருக்குக் காட்டினாள். சாய ஆலையிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டினாள். “நடுங்கற கையோட எனக்காகப் பூசினாருங்க.” பதினைந்து வருடம் அவன் பக்கத்தில் நின்று நிறம் பார்த்தவர்கள், ஐயோ பாவம் என்று கண்ணைத் துடைத்தார்கள். அவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? “நடுங்குச்சுங்களா? எங்க, காட்டுங்க பாக்கலாம்!” என்று கண்ணாடியை மாட்டியிருப்பான்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொன்னது நான்தான். வெயில் ஆகாது என்றும் நான்தான் சொன்னேன். எவ்வளவு அக்கறை!

இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. போன மாதம் மெர்சி சத்தியமங்கலத்தில் தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தாள். சாமான் கட்டும்போது கண்ணாடிப் பெட்டி விழுந்துவிட்டது. டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து அதற்குள் பொம்மையை வைத்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மாடியறைக்கு வந்தாள். டேனியலின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அது தெரியாது.

“கன்னத்துல ஒரு சில்லுப் பேந்துபோச்சுங்ணா. சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்.”

பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டினேன். உளுந்தளவு. வார்னிஷின் மேல் பூசிய என் பூச்சு அந்த அளவுக்குப் பிடி விட்டிருந்தது. அதற்குள்...

டேனியல் இருந்தான்.

வெளுத்துப்போன, நிறமே இல்லாத, ஒன்பது இழைகள். எண்ணினேன். வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று தொடாமல், ஒரு நடுக்கமும் இல்லாமல். இரண்டு ஆண்டாக நான் எங்கெங்கோ தேடிய ஆள், என் பூச்சுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். போதும் என்றே தோன்றவில்லை.

“உள்ளுக்குள்ள வெள்ளையாத் தெரியுதே, அது என்னங்ணா?” என்றாள் மெர்சி.

கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்திருக்கலாம். பார் அம்மணி, இதுதான் உன் வீட்டுக்காரர் கை, என்று. கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்!

“அது அடிப்பூச்சுங்க” என்றேன்.

“அப்படீங்களா... அது தெரியாம மூடிருங்ணா. ஆனா அவரு பூசுன மாதிரியே இருக்கோணும். அந்த நடுக்கம் மட்டும் மாறிரக் கூடாதுங்ணா. அதப் பாத்துத்தான் நான் இருக்கறேன்.”

ரோஸ் குழைத்தேன். தூரிகையை இடக்கைக்கு மாற்றினேன். ஒன்பது இழைகளையும் ஒவ்வொன்றாக மூடினேன். எட்டாவதை மூடியபின் சற்று நிறுத்தினேன். மெர்சி மணி பார்த்தாள். ஒன்பதாவதையும் மூடினேன்.

அவள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

“அப்படியே அவரு கைதானுங்ணா!”

நான் தலையாட்டினேன்.