திருப்பிச் சொல்லுங்கோ

எங்கட குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில ஒரு எஞ்சினியர் ஐயா இருந்தவர். யாழ்ப்பாணத்திலயிருந்து இடம்பெயர்ந்து வந்த மனுசன். தண்ணியைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒண்டும் இல்லை. குளக்கட்டில ஒருக்கால் நிண்டு பாத்தாரெண்டால் இந்தத் தண்ணி எத்தினை நாளைக்குக் காணும், எந்த வாய்க்கால் முதல் வத்தும் எண்டு சொல்லிப்போடுவார். சொன்னது ஒரு நாளும் பிசகாது. ஆனா அதை ஆருக்காவது விளங்கப்படுத்த வெளிக்கிட்டாரெண்டால் நாசமறுப்புத்தான்.

நான் அங்க தட்டெழுத்து வேலை. மெசினுக்குப் புது ரிபன் கிடைக்காத காலம். காஞ்சுபோன ரிபனுக்கு எண்ணெய் தடவித் தடவி அடிச்சனான். எழுத்து மங்கலா விழும், ஆனா என்ர வாய் மங்கினதேயில்லை எண்டு கந்தோரில ஒரு கதை இருந்தது. பொய்யில்லை.

சிறுபோகம் எண்டால் மழையை நம்பாமல் குளத்துத் தண்ணியில மட்டும் செய்யிற வெள்ளாமை. விதைக்க முதல் கமக்காரரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்கிறது வழமை. இவ்வளவு தண்ணிதான் இருக்கு, இவ்வளவு காணிதான் விதைக்கலாம் எண்டு அண்டைக்குத்தான் சொல்லுறது. ஐயா வந்த முதல் வருசம் எழும்பி, சனத்துக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையைப் பாத்துக்கொண்டு, "இக்குளத்தின் தற்போதைய பயன்படு கொள்ளளவானது" எண்டு தொடங்கினார். முக்கால் மணித்தியாலம்! பலகைக்கு வடிவா விளங்கியிருக்கும். சனம் "ஓம் ஐயா, ஓம் ஐயா" எண்டு தலையாட்டிப்போட்டுப் போய் ஏழு வாய்க்காலிலயும் ஒரு அங்குலம் விடாமல் விதைச்சுது. கதிர் வாற நேரம் பாத்துத் தண்ணி முடிஞ்சுது. பேந்தென்ன, மண்வெட்டியோட அடிபாடு, பேச்சு, ஏச்சு. கடைசியில ஐயான்ர சைக்கிளைத் தூக்கி வாய்க்காலுக்க போட்டாங்கள். வாய்க்காலில தண்ணி இல்லாதபடியால் சைக்கிள் நனையேல்லை.

அந்தக் குழப்பத்துக்குள்ளயும் என்ர மனுசன் வாய்க்காலை மறிச்சு, காவல் இருந்து, எங்கட ரெண்டு ஏக்கரில அரைவாசியை வெட்டி எடுத்தவர். எங்கட காணி அஞ்சாம் வாய்க்காலில. முதலாவது குளத்துக்குக் கிட்ட, ஏழாவது ஆகலும் தூரம். அதை மட்டும் ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ.

அடுத்த சிறுபோகத்துக்கு ஒரு மாதம் இருக்கேக்க கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்தமுறையும் அப்பிடி நடந்தால் சைக்கிளை விட்டிட்டு எங்களைத்தான் தூக்கிப் போடுவாங்கள். நீர்தான் உவருக்கு மனுசரோட கதைக்கப் பழக்கும்."

"நானோ? அவர் எஞ்சினியர், நான் ரைப்பிஸ்ட்."

"உமக்குத்தானே வாய் நீளம். அது ஒருக்காலாவது கந்தோருக்கு உதவட்டும்."

எனக்குக் கொதி வந்தது, ஆனா உள்ளுக்க ஒரு புளுகமும் சந்தோசமும் வந்தது. என்னட்டையும் ஒருத்தர் பாடம் கேக்கப் போறார் எண்டு.

முதல் நாள் சொன்னன், "ஐயா, பலகையைப் பாத்துக் கதையாதேங்கோ. பலகை விதைக்கிறேல்லை."

"முகத்தைப் பாத்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகுது, பிள்ளை."

சத்தியமாப் பாவமாப் போச்சுது. இவ்வளவு படிச்ச மனுசன் சனத்துக்குப் பயந்துதான் முதுகைக் காட்டினவர் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. நாங்கள் அதைப் பெருமை எண்டு நினைச்சுத் திட்டினனாங்கள். "அப்ப நெத்தியைப் பாருங்கோ" எண்டன். அதுக்குப் பிறகு ஒரு கிழமையா என்ர பொட்டையே பாத்துக்கொண்டு கதைச்சார். எனக்குத்தான் நெத்தி கடிச்சு அரிக்கத் தொடங்கினது.

பேந்து, அவர் காரணமெல்லாத்தையும் அடுக்கி முடிச்சுப்போட்டுத்தான் முடிவைச் சொல்லுவார். அதுக்குள்ள பாதிச் சனம் கொட்டாவி விட்டு முடிச்சிடும். "எது இல்லையோ அதை முதல் சொல்லுங்கோ" எண்டன்.

"காரணம் சொல்லாமல் முடிவைச் சொல்லுறது முறையோ?"

"ஐயா, செத்தவீட்டுக்குச் சொல்லப் போறவன் வருத்தம் துவங்கின நாளிலயிருந்தே சொல்லுறவன்?"

ஐயா தன்ர கொப்பியைத் திறந்து, "முடிவு முதல்" எண்டு எழுதிக் கீழ ரெண்டு கோடு இழுத்தார். நான் சொன்ன எல்லாத்தையும் அந்தக் கொப்பியில எழுதுவார்.

ஆனா பெரிய சிக்கல் வேற. எங்கட குளத்தில துருசு, அதுதான் தண்ணி வாய்க்காலுக்கு வெளிக்கிடுற மதகு, அது அடித்தளத்துக்கு மேல உயரத்தில இருக்கு. துருசுக்குக் கீழ நிக்கிற தண்ணி எவ்வளவு கிடந்தாலும் வெளியில வராது. சனத்துக்கோ கண்ணுக்கு முன்னால கடல் மாதிரித் தண்ணி தெரியுது. "தண்ணி இல்லை" எண்டு சொல்லுற மனுசனை அவங்கள் கள்ளன் எண்டுதான் நினைப்பாங்கள். ஐயா இதுக்குப் பெரிய பெரிய சொல்லெல்லாம் வைச்சிருந்தார். நான் ஒண்டையும் வாயால வரவிடேல்லை.

கந்தோருக்குப் பின்பக்கம் ஒரு தார்ப் பரல், பழைய தகரப் பீப்பா, இருந்தது. அடியிலயிருந்து ஒரு சாண் மேல பைப் பூட்டியிருக்கும். ஒருநாள் ஐயா கை கழுவப் போய், பைப்பில தண்ணி நிண்டுபோக, பரலை ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சுச் சரிச்சுக்கொண்டு நிக்கிறார்.

"ஐயா! உதுதானே நீங்கள் முக்கால் மணித்தியாலம் சொன்னது!"

பரலைப் பாத்தார். என்னைப் பாத்தார், நெத்தியை இல்லை, முகத்தை. அந்த மனுசன் சிரிச்சு அண்டைக்குத்தான் கண்டனான்.

கடைசிப் பாடம் எங்கட அம்மான்ர. சின்னனில சங்கக்கடைக்கு அனுப்பேக்க, என்னென்ன வாங்கவேணும் எண்டு சொல்லிப்போட்டு, "இப்பத் திருப்பிச் சொல்லு" எண்டுவா. சொல்லாமல் படலையைத் தாண்டேலாது. "கூட்டத்திலயும் ஒருத்தரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ" எண்டன். "தலையாட்டுறவனைக் கேக்காதேங்கோ. தலையாட்டுறவன் ஒண்டையும் கேக்கேல்லை. குனிஞ்சுகொண்டிருக்கிற ஒருத்தனைப் பிடியுங்கோ." கொப்பியில அதையும் எழுதினார்.

எந்த வாய்க்காலை நிப்பாட்டுறது எண்டதைக் கூட்ட நாளண்டு காலமை தண்ணி மட்டம் பாத்துத்தான் முடிவெடுக்கிறது எண்டார். ஆறாவதும் ஏழாவதும் போகும் எண்டுதான் எல்லாரும் கதைச்சவை. உண்மையைச் சொல்லுறன், ஆறாவது ஏழாவது ஆக்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் வரேல்லை. அவைக்கு எப்பிடி நறுக்கெண்டு சொல்லலாம் எண்டுதான் ஒவ்வொரு சொல்லாத் தேடித் தேடி ஐயாவுக்குச் சொல்லிக் குடுத்தனான். வீட்டில என்ர மனுசன் ரெண்டு மூட்டை விதைநெல்லை வெயிலில காயவைச்சு, திரும்பக் கட்டி, எலி வராமல் இருந்து சாப்பிடுற கதிரைக்கு மேல ஏத்தி வைச்சிருந்தார்.

கூட்டம் பாலை மரத்தடியில. ஐயா ட்ராக்டர் பெட்டியில பரலை ஏத்திக்கொண்டு வந்து இறங்கினார். சனம் சாராயம் எண்டு நினைச்சு ஆர்வமா எழும்பி நிண்டுது. பைப்பைத் திறந்தார், தண்ணி ஓடிச்சுது, நிண்டுது. "உள்ளுக்க இன்னும் இருக்கு. வந்து பாருங்கோ." வந்து எட்டிப் பாத்தினம். தர்மபுரம் பக்கத்து மலைநாட்டு அண்ணை ஒருத்தர், நல்ல வாய்க்காரன், "அப்ப சரிச்சு விடுங்கய்யா!" எண்டு கத்தினார்.

"குளத்தைச் சரிக்க ஏலுமெண்டால் நாளைக்கே ஏழு வாய்க்காலுக்கும் தண்ணி விடுறன். வாங்கோ, ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கோ."

மரத்தடியே அதிர்ந்துது. கத்தின அண்ணையும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சுது. நான் பழக்கின மனுசன்!

சிரிப்பு அடங்க முதலே சொன்னார். பலகையைப் பாக்கேல்லை. "காலமை மட்டம் பாத்தனான். நினைச்சதை விடக் குறைவு. ஒண்டிலயிருந்து நாலு வரைக்கும்தான் இந்தமுறை விதைப்பு. அஞ்சு, ஆறு, ஏழுக்குத் தண்ணி இல்லை. விதைக்க வேண்டாம். விதைச்சால் கருகும்."

அஞ்சு எண்டது என்ர காதில விழுந்தது. விழுந்தும் நான் குறிப்பெடுக்கிற கொப்பியில "5, 6, 7" எண்டு எழுதினன். அவ்வளவு தெளிவாச் சொன்னதுக்கு வேற என்னத்தை எழுதுறது?

"விளங்கினதோ?" எண்டு கேட்டார். எல்லாரும் தலையாட்டினம். ஐயா தலைகளைத் தாண்டிப் பின்னால பாத்தார். அங்க சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு ஒருத்தர் குனிஞ்சு நிண்டார்.

"அந்தக் கடைசியில நிக்கிற அண்ணை, நான் சொன்னதை ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

அது என்ர மனுசன். ரெண்டு தரம் கந்தோருக்கு வந்தவர்தான். ஆனா ஐயாவுக்குத் தண்ணி மட்டம் நிக்கிற மாதிரி மனுச முகம் மனசில நிக்காது.

என்ர மனுசன் நிமிர்ந்தார். ஒரு நாளும் கூட்டத்தில வாய் திறக்கிற ஆளில்லை அவர். "குளத்தில தண்ணி இருக்கு, ஆனா எடுக்கேலாது. நாலாவது வரைக்கும் விதைக்கலாம்" எண்டார். "அஞ்சாவதுக்கு இல்லை. எண்டால் எங்களுக்கு இல்லை. வீட்டில ரெண்டு மூட்டை விதைநெல் கட்டி வைச்சிருக்கிறன். அதை இந்தமுறை விதைக்கேலாது. விதைச்சால் கருகும்."

"சரி. மிகச் சரி" எண்டார் ஐயா.

ஒரு சண்டையும் வரேல்லை. அஞ்சு, ஆறு, ஏழு ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமல் எழும்பிப் போச்சினம். ஒருத்தரும் சைக்கிளைத் தூக்கேல்லை. போன வருசம் ஒருத்தருக்கும் விளங்காமல் அடிபட்டு அரைவாசியாவது வெட்டினனாங்கள். இந்த வருசம் எல்லாருக்கும் விளங்கிப்போச்சுது. என்ர வாயை என்ன செய்யலாம் எண்டு இருந்தது எனக்கு.

ஐயா கொப்பியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீரே பிள்ளை! அந்த மனுசன் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். ஆரவர்?"

என்ர மனுசன் பத்தடி தள்ளி, என்னை ஏத்திக்கொண்டு போகக் காத்துக்கொண்டு நிக்கிறார்.

"தெரியாது ஐயா" எண்டன்.

ஏன் சொன்னன் எண்டு இண்டைக்கும் சரியாச் சொல்லத் தெரியேல்லை. அந்தச் சிரிப்பை அணைக்க மனம் வரேல்லை, அது ஒண்டு. வெக்கம், அது மற்றது. ஐயா போன பிறகு என்ர மனுசன்ர சைக்கிள் முன்பாறில ஏறி இருந்தன். படலையில இறங்கேக்கதான், "இஞ்சேர், நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" எண்டு கேட்டார்.

"இல்லையப்பா. சரியாத்தான் சொன்னனீங்கள்."

உள்ளுக்க போய் ஒரு மூட்டையை இறக்கிக் கட்டை அவிழ்த்தன். வாசலில நிண்டு பாத்தார்.

"அவிக்கவோ?"

"ஓம். சோத்துக்கு ஒரு மூட்டையை அவிச்சுக் குத்துவம். மற்றது மழை வர, காலபோகத்துக்கு இருக்கட்டும்."

அவருக்குக் கோபமில்லை, ஒரு கிண்டல்தான், "எங்க, திருப்பிச் சொல்லும் பாப்பம்" எண்டார்.

"ஒரு மூட்டை அவிக்கிறது" எண்டன். "ஒரு மூட்டை காலபோகத்துக்கு. அஞ்சாம் வாய்க்காலுக்கு..."

அதுக்கு மேல எனக்கு வாய் வரேல்லை. அவர் வந்து மூட்டையின்ர மற்றப் பக்கத்தைப் பிடிச்சார்.