போல்ட்டு இறங்காத தகடு

எங்கள் தெருமுனைப் பட்டறையில், இரும்பைச் சுடரால் அறுக்கும் பிளாஸ்மா கட்டர் ஓட்டுபவருக்கு எதிலும் அவசரம். எதிராளி பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பான பதில். ஆனால் இரும்புத் தகட்டில் வட்டத் துளை என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். நேர்கோட்டு வெட்டுக்கு வைத்த வேகத்தைக் கட்டரின் கணினியில் ஏறக்குறைய பாதியாகக் குறைப்பார். வேகமாகச் சுற்றினால் சுடர் பின்தங்கும், துளை மேலே அகன்று அடியில் குறுகும், போல்ட்டு இறங்காது.

மனைவியின் தையல்கடைப் பெயர்ப்பலகைக்குத் தகடு வெட்டிய அன்று அவளும் பக்கத்தில் வந்து நின்றாள். மறுநாள் கடைத் திறப்பு.

"ஊருக்கெல்லாம் சட்டுனு முடிச்சுக் குடுக்குறீங்க. எனக்குன்னா மட்டும் ஆமை வேகமா?"

அவர் வேகத்தை ஏற்றினார். தகடு நொடியில் தயார். உதவிக்கு வந்திருந்த மைத்துனன் துளையில் போல்ட்டை நுழைத்தான். அது பாதியில் நின்றுவிட்டது.

"மாமா, அக்கா கடைக்குப் பலகையே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

புதுத் தகடு மேசையில் ஏறியது. இப்போது சுடர், சோம்பல் முறிப்பதுபோல் மெல்லச் சுற்றியது. மனைவி வாயைத் திறந்தாள். அவர் திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தார். தகடு ஆறியதும் மைத்துனன் போல்ட்டை வைத்தான். தட்டாமலே உள்ளே இறங்கியது.

"பாத்தீங்களா, நிதானமா பண்ணா எவ்ளோ நல்லா வருது," என்றாள் மனைவி. "நான் சொன்னா எங்க கேக்குறீங்க?"

மைத்துனன் தம்பிக்குரிய விவேகத்தோடு தகட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.