அத்தான் செய்கிற பெட்டி

தடித்த எழுத்து முடிகிற இடத்தில் கர்சரை நிறுத்திவிட்டு, அத்தான் அந்தப் பக்கம் போகிற யாரையாவது பிடித்துக்கொள்வார். “இங்க பாருங்க. இந்த வார்த்தை தடிச்சு இருக்கு. அடுத்தது ஒல்லி. நான் ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறேன். இப்ப ஒரு எழுத்து அடிச்சா அது எப்படி வரணும்?” குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கையில் ஸ்பேனரோடு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “எப்படியோ வரட்டும் சார். பக்கத்துல ஒழுகாம இருந்தா சரி” என்றார். அத்தான் அதை மதித்துக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “தடிமன் அடுத்த வார்த்தைக்குக் கசியக் கூடாதுங்கிறாரு. சரியான பாயிண்ட்.” அந்த மனிதர் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பற்றித்தான் சொன்னார் என்று நான் திருத்தப் போகவில்லை.

இவர் என் அக்காவின் கணவர். அலுவலகத்தில் இவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். கணினியில் நாம் எழுத்து அடிக்கிற இடம் இருக்கிறதே, அந்தப் பெட்டிதான் இவருடைய தொழில். மற்றவர்கள் மென்பொருள் செய்கிறார்கள். இவர் அதற்குள்ளே இருக்கிற பெட்டியைச் செய்கிறார். எழுத்தைத் தடிமனாக்குவது, சாய்ப்பது, அடிக்கோடு போடுவது, போட்டதை எடுப்பது எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். பைத்தான் என்கிற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு பெட்டி தயாராகவே கிடைக்கிறதாமே, எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “வாடகை வீடும் தயாராத்தான் கிடைக்குது. குடி போனப்புறம்தானே எந்தக் கதவு மூடாதுன்னு தெரியும்” என்று தொடங்கியவர், நான் கிளம்பிச் செருப்பு மாட்டுகிற வரை நிறுத்தவில்லை.

பெட்டியை அவர் சோதிக்கிற அழகே தனி. காலையில் பல் தேய்க்கப் போகும்போது கனமான அகராதி ஒன்றை விசைப்பலகையின் ஓரத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போவார். அது அக்காவின் அகராதி. திரும்பி வருவதற்குள் ஒரே எழுத்து பக்கம் பக்கமாக ஓடியிருக்கும். வாயில் நுரையோடு அதை உருட்டி உருட்டிப் பார்த்து, “மூச்சு வாங்கலை” என்று மகிழ்வார். முழங்கையால் அடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். ஒருமுறை என்னை உட்காரவைத்து, “நீ கோவமா இருந்தா எப்படி டைப் பண்ணுவியோ அப்படிப் பண்ணு” என்றார். எனக்கு அப்போதுதான் கோபமே வந்தது.

இணையத்தில் எதையாவது நகலெடுத்து ஒட்டினால் அதன் நிறமும் அளவும் பின்னணியும் கூடவே தொற்றிக்கொண்டு வரும். அத்தானுக்கு அது ஆகவே ஆகாது. “விருந்தாளி வரலாம். கட்டில் பீரோவோட வரக் கூடாது” என்பார். எல்லாவற்றையும் வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு, தடிமனையும் சாய்வையும் மட்டும் உள்ளே விடுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்.

என் முதல் சிறுகதையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஆசையாக இவரிடம் திறந்து காட்டினேன். மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தார். “மூணாம் பக்கத்துல ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இருக்கற இடைவெளி மட்டும் தடிச்ச எழுத்துல இருக்கு” என்றார். கதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “கதையா? அதை இன்னும் பாக்கலையே.” வெற்றிடம் தடித்திருப்பது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று சண்டைக்குப் போனேன். சோதித்துப் பார்த்தால், பாவி மனுஷன் சொன்னது சரிதான்.

மச்சினி என்கிற உரிமையில் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அவரைக் கிண்டல் செய்ய மனம் வராது. ஊரில் யார் யாரோ இவர் பெட்டியில் எழுதுகிறார்கள். வீட்டில் அக்கா மட்டும் எழுதாமல் இருந்தாள்.

அக்கா மொழிபெயர்ப்பாளர். நாளெல்லாம் எழுத்து அடிப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரே அறையில் இரண்டு மேஜைகள்; இவர் பெட்டி செய்வார், அவள் அதில் எழுதுவாள் என்று கல்யாணமான புதிதில் எங்களுக்கெல்லாம் அது பெருமையாக இருந்தது. பிறகு அத்தான் அந்தப் பெட்டியில் ‘சுத்தம்’ என்று ஒரு பொத்தான் வைத்தார். தாறுமாறான இடைவெளிகளையும் ஒட்டாத எழுத்துருக்களையும் ஒரே அழுத்தில் சீர்செய்யும். அக்கா ஒரு புத்தகத்தை முடிக்கிற நிலையில் இருந்தாள். கணவர் செய்த பொத்தான் ஆயிற்றே என்று அழுத்தினாள். அவளுடைய அடிக்குறிப்புகள் சின்ன எழுத்தில் இருந்தன. சின்ன எழுத்தெல்லாம் குப்பை என்று நினைத்து அந்தப் பொத்தான் மொத்தத்தையும் கூட்டித் தள்ளிவிட்டது. நூலகம் நூலகமாக ஏறி இறங்கிச் சேர்த்த குறிப்புகள் அவை.

அண்டூ என்று ஒன்று இருக்கிறதே, செய்ததைத் திரும்பப் பெறுகிற வசதி, அதை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. அத்தான் செய்த தவறு அங்கேதான். உள்ளே இருப்பதை முழுசாக வெளியே எடுத்து, கழுவி, மறுபடி முழுசாக வைக்கிற மாதிரி எழுதியிருந்தார். அப்படி வைத்த கணமே பெட்டி தன் பழைய ஞாபகங்களை எல்லாம் மறந்துவிடும். போதாக்குறைக்கு, சுத்தம் செய்த கையோடு கோப்பைச் சேமித்தும் வைத்துவிட்டது. அதுவும் அத்தானின் கரிசனம்தான்.

அக்கா கத்தவில்லை. “பரவாயில்லைங்க” என்றாள். மறுநாள் வேறு ஏதோ நிறுவனத்தின் மென்பொருளை வாங்கிப் போட்டுக்கொண்டு, குறிப்புகளை முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அத்தான் தேநீர் கொண்டுவந்து வைக்கும்போதுகூட அவள் அந்தத் திரையை மறைத்ததில்லை. அவரும் பார்த்தும் பார்க்காதது போல் ஜன்னல் பக்கம் போய்விடுவார். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

அன்றிலிருந்து மனிதருக்கு அண்டூ பைத்தியம் பிடித்துக்கொண்டது. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்தச் ‘சுத்தம்’ பொத்தானைப் பிரித்துப் போட்டு மறுபடி எழுதினார். எனக்குப் புரிகிறதோ இல்லையோ, விளக்குவார். “வெளிய எடுக்கவே கூடாது. இருக்கற இடத்துலயே ஒவ்வொண்ணா மாத்தணும். ஆரம்பிக்கும்போது பெட்டிகிட்ட சொல்லிடணும், முடிக்கும்போது சொல்லிடணும். நடுவுல ஆயிரம் மாத்தம் நடந்தாலும் அதுக்கு ஒரே கணக்கு. ஒரு தடவை அண்டூ அழுத்தினா மொத்தமும் திரும்பிடும்.”

“அக்காகிட்ட சொன்னீங்களா அத்தான்?”

“ஆபீஸ்ல எல்லாரும் நல்லா இருக்குங்கிறாங்க.”

“அக்காகிட்ட?”

“கேட்டா பரவாயில்லைம்பா” என்றவர் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். “அவளா வரட்டும்.”

அக்காவிடம் போய், பெட்டியைச் சரிசெய்துவிட்டாராம் என்று நானே எடுத்துக்கொடுத்தேன். “தெரியும். நாலடி தள்ளி உக்காந்துதானே செய்யறாரு” என்றாள். அப்புறம் என்ன என்றேன். “எழுதிப் பாரும்மான்னு அவர் வாயால ஒரு வார்த்தை கேக்கட்டுமே. குழாய்க்காரர் வரைக்கும் கேக்கத் தெரியுது” என்றாள். இரண்டு பேரும் இப்படி முறுக்கிக்கொண்டு நின்றால் மூன்றாம் மனுஷி என்ன செய்ய முடியும். இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சென்ற ஞாயிறு காலை போனபோது அக்காவின் மேஜையில் ஒரு புதுப் புத்தகம் விரித்து வைத்திருந்தது. பெரிய நாவல். அவள் வெகுகாலம் ஏங்கி, பதிப்பகத்துக்கு நடையாக நடந்து வாங்கிய வேலை. இன்றைக்குத்தான் முதல் வரி என்றாள். அத்தான் தம் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரமாக அவர் எதையும் அடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். பிறகு, திரும்பாமலே, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“இதை வேணா... நம்ம பெட்டியில எழுதிப் பாக்கறியாம்மா?”

அக்கா எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அவள் கணினியில் பெட்டியை ஏற்றுவதற்குள், தாம் தினமும் அடிக்கிற ஆபீஸ் கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்தார். ஏற்றி முடித்ததும் அக்கா உட்கார்ந்து, தன் பழைய அத்தியாயம் ஒன்றை அடிக்குறிப்புகளோடு அதில் திறந்தாள்.

“அந்தச் சுத்தம் பொத்தான் இருக்கா?”

“இருக்கு. எடுத்துடட்டுமா?”

“இருக்கட்டும்.” அழுத்தினாள். குறிப்புகள் அடியில் அப்படியே இருந்தன. இடைவெளிகள் மட்டும் ஒழுங்காகியிருந்தன. அண்டூவை ஒருமுறை அழுத்தினாள். பழைய அலங்கோலம் ஒன்று விடாமல் திரும்பி வந்தது. “ம்” என்றாள். பழைய அத்தியாயத்தை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, நாவலின் முதல் வாக்கியத்தை அடிக்கத் தொடங்கினாள்.

அத்தான் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. “எழுதறதை ஒரு காப்பி எடுத்து வேற எங்கயாவது வெச்சுக்கோ. ஒரு பாதுகாப்புக்கு” என்றார்.

“உங்க பெட்டிதானே?”

“ஆமா.”

“நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க இல்ல?”

“சொல்றாங்க.”

“அப்புறம் எதுக்குக் காப்பி?”

எத்தனையோ பேர் தம் பெட்டியை நம்பி எழுதிக்கொண்டிருக்க, இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கிய மனிதர், அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டார், மறுபடி விலக்கினார். அக்கா புத்தகத்தைப் பார்ப்பதும் அடிப்பதுமாக இருந்தாள். ஒரு பக்கம் நிரம்பியதும் அத்தான் பூனைபோல அவள் பின்னால் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, தோளுக்கு மேலாகத் திரையைப் படம் பிடிக்கப் பார்த்தார். அக்காவின் கொண்டை பாதிப் பக்கத்தை மறைத்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார்.

அக்கா திரும்பவில்லை. அடிப்பதையும் நிறுத்தவில்லை. தலையை மட்டும் இடப்பக்கம் சாய்த்துக்கொடுத்து, அவர் படம் எடுத்து முடிக்கிற வரை அப்படியே வைத்திருந்தாள்.