கார்ப்பட்டில் ஒரு ஜன்னல்

டைல்ஸ் பதித்த தரையைப் பார்ப்பதற்காக யாராவது இரண்டு பஸ் ஏறிப் போவார்களா? போன சனிக்கிழமை நானும் மனைவியும் போனோம் - பதுளையிலிருந்து பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு.

மனைவியின் தங்கை ஸ்டெல்லா ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள். அவள் அனுப்பிய பணத்தில் என் சகலை அந்தோனி தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே புது வீடு கட்டியிருந்தார். ஹாலுக்கு வெள்ளை டைல்ஸ் என்பது ஸ்டெல்லாவின் கண்டிப்பான உத்தரவு. ஊரான் வீட்டுத் தரையை முழங்கால் போட்டுத் துடைத்தவளுக்கு, சொந்த டைல்ஸில் வெறுங்காலோடு நடக்க வேண்டும்... அவ்வளவுதான் ஆசை.

நாங்கள் போனபோது பெட்டியைக்கூடத் திறக்காமல் ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஃபோன்ல காட்டுனீங்களே, எங்கங்க என் டைல்ஸ்?"

"கீழதான் இருக்கு. பத்திரமா இருக்கு" என்றார் அந்தோனி, பெருமையாக. "கீறல் விழுந்துருமேனு கார்ப்பட் வாங்கிப் போட்டேன். நான்கூட இன்னும் மிதிக்கல, தெரியுமா?"

பிளாஸ்டிக் கார்ப்பட். அதன் டிசைன் என்ன தெரியுமா? டைல்ஸ்! அதுவும் அழுக்காகிவிடக் கூடாதென்று மேலே ஒரு பாய் வேறு.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? எங்கள் வீட்டு ரிமோட் இன்னும் பொலித்தீன் உறைக்குள்தான் குடியிருக்கிறது. சோபா வாங்கி நாலு வருடம் - பிளாஸ்டிக்கைக் கழற்றவில்லை. எழுந்தால் கூடவே எழுந்து வருகிறது. நல்ல சாமானை நாம் எங்கே பாவிக்கிறோம்? காவல்தான் காக்கிறோம்.

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தொடைச்ச எடத்துல மிதிக்கக் கூடாதுனு ஆறு வருஷம் ஓரமாவே நடந்தேங்க. எங்க வீட்லயும் மிதிக்கக் கூடாதா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாயையும் கார்ப்பட்டையும் சுருட்டினோம். தரை பளபளவென்று கிடந்தது.

ஸ்டெல்லா செருப்பைக் கழற்றினாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தாள். திரும்பி நடந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டாள்.

"என்னங்க... கால் வெறைக்குதே!"

வெளியே பனிமூட்டம். குவைத் வெயிலுக்குப் பழகிய காலுக்குப் பூனாகலைக் குளிர் லேசில் பிடிபடுமா?

"மச்சான், நீங்களும் மிதிச்சுப் பாருங்க" என்றாள். மிதித்தேன். அடுத்த நொடியே ஒற்றைக் காலில் நின்றேன்.

சுருட்டிய கார்ப்பட் மறுபடி விரிந்தது. "இதைத்தான் நான் முன்னாலேயே..." என்று ஆரம்பித்தார் அந்தோனி. ஸ்டெல்லா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். அவள் கத்திரிக்கோலை எடுத்து வந்து, வாசலுக்கு நேரே, ஒரே ஒரு டைல் தெரிகிற அளவுக்குக் கார்ப்பட்டைச் சதுரமாக வெட்டி எடுத்தாள்.

"வர்றவங்களுக்குத் தெரியணும்ல, கீழ ஒரிஜினல் இருக்குனு!"

தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் கவனித்தேன். அந்தோனி, என் மனைவி, நான் - மூன்று பேரும் அந்தச் சதுரத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

ஸ்டெல்லா மட்டும் போகும்போதும் வரும்போதும் அதிலேயே மிதித்தாள்... வேண்டுமென்றே!