கிழித்துக் கொடுக்காத துணி

பிலோமினா அக்கா போய்விட்டார். ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவருடைய மருமகள் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. "உக்காந்தாங்களா? அந்த மனுசியா உக்காந்தாங்க?" என்றுதான் கேட்டேன்.

மஸ்கெலியா துணிக்கடையில் எங்களோடு நின்றவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியும். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரமும் முதலாளி எங்கள் ஸ்டூல்களை மேல்மாடிக்கு ஏற்றிவிடுவார். அக்கா வீங்கிய காலோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த சிமெந்துத் தரையில் நிற்பார். "சனத்துக்குத் தீவாளி ஒரு நாளு. நமக்கு மூணு வாரம்" என்பார். அவர் வேதக்காரர். இயேசு பிறந்த நத்தாருக்கு மறுபடியும் அதே நிற்றல்.

நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லது மட்டும் எழுதச் சொல்கிறார்கள் அவர் வீட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனால் மறதி எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரிசிக்கும் துணிக்கும் கூப்பன் நீட்டிய காலம் முடிந்து, வெளிநாட்டு நைலக்ஸ் துணி மலை ஏறி வந்த வருடம் அது. எங்கள் கடையின் அடித்தட்டில் பழைய நீலப்பூச் சீத்தை ஒரு கட்டுக் கிடந்தது. மழை ஈரத்தில் நூல் இற்றுப்போன துணி. முதலாளி அதற்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடச் சொன்னார். நானும் அக்காவும்தான் போட்டோம். புதுத்துணி போலவே மொடமொடவென்று நின்றது. எங்கள் கடையில் துணியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்துக் கொடுப்பதுதான் வழக்கம். நல்ல துணி சர்ரென்று நேராகப் போகும். இற்ற துணி கோணிக்கொண்டு போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நீலப்பூவுக்குக் கத்தரிக்கோல் மட்டும் என்று உத்தரவு.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் லயத்துப் பார்வதி மூன்று பெண்பிள்ளைகளோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். பஞ்சத்தில் கீரையை அவித்துத் தின்று பிழைத்த பிள்ளைகள்.

"ஏய் சரசு, நம்ம லயத்து ஆளு நீ நிக்கயில எனக்கென்ன கொறச்சல்? மூணு கழுதைக்கும் ஒரே துணியாப் போடு."

முதலாளி கண்ணைக் காட்டினார். நீலப்பூவை விரித்தேன். சின்னவள் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் பார்வதி சிரித்தாள்.

"டவுனுக்கு வந்து பெரிய தையக்காரி ஆயிட்டியா? கிழிச்சுக் குடுடி."

"கிழிச்சா நூலு பிரியும்" என்று வாய் கூசாமல் பொய் சொல்லி வெட்டினேன். பக்கத்தில் நின்ற அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தீபாவளியன்று கோவிலில் விபூதி வாங்கக் குனிந்த சின்னவளின் சட்டை, கழுத்திலிருந்து இடுப்புவரை பிளந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பார்வதி தன் முந்தானையால் அவளை மூடிக் கூட்டிப்போனாள். கடை திறந்த அன்றே அந்தச் சட்டையோடு வந்து நின்றாள்.

"இத யாரு வெட்டிக் குடுத்தது?" முதலாளி ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

பார்வதி என்னைப் பார்த்தாள். பெயரைச் சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். அக்காதான் விரலை நீட்டினார்.

"சரசு. கிழிச்சுக் குடுன்னு கேட்டாங்க. வெட்டித்தான் குடுத்தா."

அன்றோடு என் வேலை போனது. ஊர் பார்க்கட்டும் என்று பார்வதிக்கு நைலக்ஸ் கொடுத்து அனுப்பினார் முதலாளி. மிச்ச நீலப்பூ நத்தாருக்கு விற்றுப்போனது. நான் காலையில் தோட்டத்து ஆள்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குத் திரும்பி, மறுபடி கொழுந்துக் கூடையை மாட்டினேன். பார்வதி அதே மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தாள். சாகும்வரை என்னோடு பேசவில்லை.

பல வருடம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்க்கா என்னையக் காட்டிக் குடுத்தீங்க?"

"பொய்யா சொன்னேன்?"

"நீங்களும் வெட்டுனவங்கதானே?"

"வெட்டுனேன். இன்னும் வெட்டுறேன். எட்டுத் தீவாளி ஆச்சு சரசு, என்னையக் காட்டிக் குடுக்க ஒருத்தியும் வரல. நீ தப்பிச்ச."

பஸ் வந்தது. நின்றுகொண்டேதான் போனார். அவர் உடுத்தியிருந்தது நைந்த சேலை. அந்தக் கடைத் துணியை ஒரு பெருநாளைக்குக்கூட அவர் உடம்பில் போட்டதில்லை என்று மருமகள் இப்போதுதான் சொன்னாள்.

நான் அவரை மன்னிக்கவில்லை. செத்துப்போனதற்காக மன்னிக்கப் போவதுமில்லை. ஆனால் அந்த நீட்டிய விரலை எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போகிறேன். எந்தக் கடையிலும் கத்தரிக்கோலைக் கண்டால் அது என்னைத்தான் காட்டுகிறது.

அவருடைய சாவுக்கு வீதியில் கட்டும் வெள்ளைக் கொடிக்கு நானே துணி வாங்கப் போனேன். கடைப் பெண் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"கிழிச்சுக் குடு புள்ள" என்றேன்.

ஓரத்தில் ஒரு வெட்டு வைத்து இழுத்தாள். கடைசி நூல்வரை நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். போனது.