வலப்பக்கமிருந்து வந்த பொலிஸ்காரன்

சம்மாந்துறையில் நெல் ஆலை, கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை, கடல் கொண்டுபோன இடத்திலேயே மறுபடி எழுப்பிய மாடிவீடு. பள்ளிக்கூடப் படிப்பில்லாமல் இவ்வளவும் கட்டியவன் நான். இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் சின்ன வயதிலேயே செய்திருக்கிறேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

பேத்தியின் யப்பான் துப்பறியும் படக்கதையை வாங்கி வலப்பக்கமிருந்து புரட்டினேன்.

"மூத்தப்பா, இத இப்படித்தான் வாசிக்கிற எண்டு ஆரு சொல்லித் தந்த?" என்றாள்.

மலிவுத் தாளின் வாசம் மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் கடையில் பாண் ரொட்டி சுற்றித் தந்த வாரப் பத்திரிகையின் அதே வாசம். வயதுக்கு வந்ததால் வீட்டுக்குள்ளேயே இருந்த என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு, அதிலிருந்த துப்பறியும் படக்கதையை நான்தான் சொல்லுவேன். அப்போது எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. குர்ஆன் ஓத மட்டும் தெரியும். அதனால் கட்டங்களையும் வலமிருந்தே பார்த்தேன். முதலில் ஒரு பொலிஸ்காரன் கள்ளனைப் பிடிப்பான்; அதோடு அவனைக் காணோம். கடைசியில் நகை பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும்.

"பாவம்டா அந்தப் பொலிஸ்காரன். அவன்ட ஊட்டுக் கதையச் சொல்லன்" என்பாள் ராத்தா.

படத்தில் ஒரேயொரு கட்டத்தில் மட்டும் வந்த அந்தப் பொலிஸ்காரனுக்கு மனைவி, மாடு, வயல் எல்லாம் கொடுத்துத் தனிக்கதை கட்டினேன். தன் கலியாணக் கடிதத்தை அவள் கடகடவென்று வாசித்த அன்றுதான் விளங்கியது, அவளுக்கு எப்போதுமே வாசிக்கத் தெரியும் என்று.

"பேப்பர்ல இரிந்தத விட நீ சொன்னதுதான்டா வடிவு" என்று சிரித்தாள்.

பல வருடமாக வரும் இந்த யப்பான் கதையிலும், ஓரமாக வரும் பொலிஸ்காரருக்குத் தனிப் புத்தகமே வந்திருக்கிறதாம், பேத்தி சொன்னாள். வரட்டும். ஆனால் இதை முதலில் கல்முனையில் செய்தவன் நான் என்று அதில் போட வேண்டும். அந்தக் கதையைக் கேட்டு வாங்கிய ராத்தாவின் பெயரை என் பெயருக்கு மேலே போட வேண்டும்.