மாஷிமாவின் அறைக்கு அடித்த வெள்ளை

என் அண்ணா தன் கையால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். இடுப்பில் ஈர வேஷ்டி. முழங்கை வரை வெள்ளை. சணல் நாரைக் கட்டிய மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டிச் சொட்டிக் கண் எரிந்துகொண்டிருந்தது. பெரிய கம்பெனியொன்றில் ஹெட் கிளார்க் அவர். சாப்பிட உட்காரும் பலகையைக்கூடத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளாதவர். அன்றைக்கு அவர் வெள்ளையடித்த அறை எங்களுடையதும் அல்ல.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அண்ணா, மன்னி, அண்ணா தயவில் அதே கம்பெனியில் குமாஸ்தாவாக ஒட்டிக்கொண்ட நான். கீழே ஓர் அறையில் வங்காளி அம்மாள் ஒருவர் தனியாக இருந்தார். கணவரை இழந்தவர். அந்த ஊர் வழக்கப்படி சித்தி முறை வைத்து 'மாஷிமா' என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும், வருஷப் பிறப்புக்காக அண்ணா வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவார். பரண் சாமான்கள் இறங்கும், பித்தளைக்குப் புளி, சுவருக்குச் சுண்ணாம்பு. ஆட்கள் அடிப்பார்கள், அண்ணா விரலை நீட்டிக்கொண்டு நிற்பார். மாடிப்படிக்கு மட்டும் வருஷம் முழுக்கச் சுத்தம்தான். மாஷிமா மொட்டைமாடியில் புடவை உலர்த்திவிட்டு இறங்கினால் போதும், பின்னாலேயே ஒரு குடம் தண்ணீர் படியில் இறங்கும். "மீன் திங்கற ஜாதி. நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்பார் அண்ணா, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில். முதுகுக்குப் பின்னால் கொட்டுகிற தண்ணீரைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷை தெரிய வேண்டும்?

அந்தப் பங்குனியில் மன்னிக்குப் பெரியம்மை வார்த்தது. கம்பெனியில் எங்களுக்கெல்லாம் அம்மை குத்தியிருந்தார்கள். வீட்டுப் பெண்களை யார் நினைத்தார்கள்? சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போனார். பவானிபூர்த் தமிழ்க் குடும்பங்கள் விசாரித்து ஆள் அனுப்பின. அந்த ஆளும் தெருமுனையிலேயே நின்று விசாரித்தான். அண்ணாவுக்கும் எனக்கும் வேப்பிலை கொண்டுவரத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு காலை மாஷிமா படியேறி வந்தார். யாரையும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய் மன்னியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பௌமா, தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று, சொந்த மருமகளைக் கூப்பிடுவதுபோல, அவர் பாஷையில் கேட்டார். மன்னி வாயைத் திறந்தாள். நிலைப்படியில் நின்ற அண்ணா பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று படி கழுவப்படவில்லை. அதன் பிறகு தினமும் பல தடவை அந்த அம்மாள் ஏறினார், இறங்கினார். மன்னி பிழைத்தாள். ஒரு கண் போயிற்று, உயிர் நின்றது.

மன்னி எழுந்து உட்காருவதற்குள் மாஷிமா படுத்துவிட்டார். அதே அம்மை. அண்ணா முதன்முறையாக அந்த அறைக்குள் போனார், வெள்ளி டம்ளரில் ஆறவைத்த வெந்நீரோடு. நானும் பின்னால் போனேன். மாஷிமாவின் உதடு வெடித்திருந்தது. அண்ணா குனிந்து டம்ளரை நீட்டினார். மாஷிமா வாயை மூடிக்கொண்டார். "கொஞ்சம், மாஷிமா" என்று அண்ணா கெஞ்சினார். அந்தக் குரலில் அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. "இருக்கட்டும், பாபா" என்று பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் அந்த அம்மாள். மறுநாள் உயிர் போயிற்று. "கோபம் தீரலைடா. மன்னிக்காமலே போயிட்டா" என்று அண்ணா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சோறு இறங்கவில்லை. படியைப் பார்த்தாலே முகம் செத்துவிடும்.

அம்மை வந்த அறை என்று வெள்ளையடிப்பவர்கள் யாரும் வரவில்லை. "நான் அடிக்கிறேன்" என்றார் அண்ணா. வருஷப் பிறப்புக்கு முதல் நாள் அது. பாயையும் துணிகளையும் வெளியே போட்டுக் கொளுத்தினார். முழங்காலிட்டுத் தரையைத் தேய்த்தார். கையெல்லாம் கொப்புளம். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தப் பணிவிலும் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம், "எங்க குலத்துல ஒருத்தன் செய்யற வேலையா இது? ஆனாலும் செய்யறேன்" என்றார். பிராயச்சித்தம் ஆகிவிட்டது என்று அவருக்கு ஒரு நிம்மதி வந்துகொண்டிருந்தது, எனக்கும்தான்.

மூன்று சுவர் முடிந்தது. நாலாவது சுவரின் மூலையில் ஒரு மண் அடுப்பு. அண்ணா அங்கே காலெடுத்து வைக்கும்போது, மாஷிமாவுக்கு வேலை செய்துவந்த பெண் வாசலிலிருந்து கத்தினாள்.

"பாபு, அங்க போகாதீங்க! அது அம்மாவோட அடுப்பு."

"சுவருக்குத்தானே அடிக்கிறேன்?"

"வேண்டாம் பாபு. நீங்க வெங்காயம் சாப்பிடறவங்க."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெங்காய சாம்பார். அதில் என்ன தப்பு என்று அண்ணாவுக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். வங்காளத்து மேல்ஜாதி விதவைகள் மீனைத் தொட மாட்டார்கள். வெங்காயம், பூண்டு, மசூர்ப் பருப்பு எதுவும் கிடையாது. வெங்காயம் புழங்கும் வீட்டுத் தண்ணீர்கூட ஆகாது.

"உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் அம்மா குழாயடியில தலையோட குளிப்பாங்க. ஜுரம் கண்ட அன்னிக்கும் குளிச்சாங்க. நான்தான் வாளி நிரப்பிக் குடுத்தேன்."

"அப்போ... எம்மேல கோபம் இல்லையா?"

"கோபமா?" அவள் விழித்தாள். "எதுக்கு பாபு?"

அண்ணா மட்டையைக் கீழே வைத்தார். கோபமாக இருந்திருந்தால் மனசுக்குள்ளாவது அந்த அம்மாள் காலில் விழுந்திருக்கலாம். இது வேறு. நாங்கள் படியைக் கழுவிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த அம்மாளின் கணக்கில் நாங்கள்தான் தீட்டு. அந்தத் தீட்டுக்குள்தான் தினமும் ஏறி வந்து மன்னியின் சீழைத் துடைத்திருக்கிறார். இன்று என் வீட்டுக்கு யார் யாரோ வெள்ளையடிக்கிறார்கள், எவர் அடுப்படிக்கும் எவரும் போகிறார்கள். ஆனால் அண்ணாவின் அன்றைய முகம் என்னை இன்னும் விடவில்லை.

அவர் அறையை விட்டு வெளியே வந்தார். "நீ அடிப்பியாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் உள்ளே போனாள். அண்ணா நிலைப்படிக்கு வெளியே நின்றபடி, அவள் கேட்டபோதெல்லாம் சுண்ணாம்பு வாளியைத் தூக்கி நீட்டினார்.

மாஷிமா படுத்திருக்கிறார் என்பது மட்டும்தான் மன்னிக்குத் தெரியும், இறந்ததை நாங்கள் சொல்லியிருக்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது.

"ஏன்னா, மாஷிமாவுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேளா?"

"குடுத்தேன்."

"குடிச்சாளா?"

அண்ணா வாளியைத் தூக்கி மறுபடி உள்ளே நீட்டினார்.